கோதுமைக் களஞ்சியத்தில் கல்யாணம்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் நூற்றாண்டுகள் பழைய களஞ்சியங்களும் மாளிகைகளும் இன்று திருமணக் கூடங்கள். வசந்த காலத்தில் அங்கே படமெடுக்கப் போகிறவர் கேமராவோடு சட்டம், வானிலை, வௌவால் மூன்றையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் ஒன்றரை மணி. எசெக்ஸ் பகுதியின் க்ரெஸ்ஸிங் டெம்பிளில் சற்றுமுன் கொட்டிய மழை நின்றுவிட்டது. ஓட்டுக் கூரையின் விளிம்பில் சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருக்கிறது. உள்ளே ஓக் மரத் தூண்களுக்கு நடுவே விருந்தினர் இரு பக்கமும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மேசைக்குப் பின்னால் பதிவாளர். புகைப்படக்காரர் ஓரமாக ஒரு தூணில் சாய்ந்து மண்டியிட்டிருக்கிறார். சடங்கு முடியும்வரை அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது என்று பதிவாளர் முன்கூட்டியே சொல்லியாயிற்று. பெருவாசல் திறக்கிறது. தந்தையின் கையைப் பிடித்தபடி மணப்பெண் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் மழை கழுவிய வானம் வெள்ளையாகப் பாய்கிறது. முகமோ கரிய நிழல். கேமரா தானாகக் கணக்குப் போட்டால் வானம் அழகாக வரும், மணப்பெண் வரமாட்டாள். திருத்திக்கொள்ளப் பத்து நொடி இருந்தால் அதிகம்.

இப்படிப்பட்ட திருமணம் ஏறக்குறைய ஒவ்வொரு வசந்த வாரக் கடைசியிலும் இங்கிலாந்தின் ஏதோவொரு பழங்கட்டடத்தில் நடக்கிறது. க்ரெஸ்ஸிங் டெம்பிள் அவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று எனலாம். 1137இல் டெம்பிளர் என்ற சிலுவைப்போர் வீரத்துறவிகளுக்குக் கிடைத்த நிலம் அது. அங்குள்ள பார்லிக் களஞ்சியமும் கோதுமைக் களஞ்சியமும் 13ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. உலகில் இன்றும் நிற்கும் மரச்சட்டகக் களஞ்சியங்களில் மிகத் தொன்மையானவை என்று எண்ணப்படுபவை. எசெக்ஸ் உள்ளாட்சி மன்றத்தின் கையில் உள்ள அந்த இடத்தில் தானியம் போய்த் திருமணம் வந்திருக்கிறது.

சட்டம் திறந்த வாசல்

பழைய வீட்டில் கல்யாணம் என்பது ஆங்கிலேயரின் தொன்றுதொட்ட வழக்கம் போலத் தோன்றும். உண்மையில் அதற்கு வயது முப்பது சொச்சம்தான். 1753ஆம் ஆண்டுச் சட்டம் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரையும் யூதர்களையும் தவிர எல்லோரும் இங்கிலாந்துத் திருச்சபைக் கோயிலில்தான் மணம் முடிக்க வேண்டும் என்றது. 1837 முதல் பதிவு அலுவலகத்திலும் மணக்கலாம் என்றானது. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நிலைமை அதுவே: ஒன்று தேவாலயம் போன்ற வழிபாட்டுத் தலம், இல்லையென்றால் அரசு அலுவலகம்.

1994இல் நிறைவேறிய திருமணச் சட்டம் 1995 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, உரிமம் பெற்ற மாளிகை, ஓட்டல், களஞ்சியம் எதிலும் பதிவாளர் வந்து மணம் முடித்துவைக்கலாம் என்றானது. 1992 முதலே மதச்சார்பற்ற திருமணங்களின் எண்ணிக்கை மதத் திருமணங்களைத் தாண்டிவிட்டிருந்தது. சாம்பல் நிற அலுவலகச் சுவருக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்ள விரும்பாத ஒரு தலைமுறை தயாராகக் காத்திருந்தது.

அப்போதும் கூரை கட்டாயம். தோட்டத்தில் மணம் என்றால் நிலையான மண்டபம் ஒன்றின் அடியில் மணமக்களும் பதிவாளரும் நிற்க வேண்டும். விருந்தினர் வெயிலிலோ தூறலிலோ உட்காரலாம். கொரோனா காலத்தில், 2021 ஜூலையில் அந்த விதி தளர்ந்தது. 2022 ஏப்ரலில் தளர்வு நிரந்தரமானது. உரிமம் பெற்ற இடத்தின் புல்வெளியில் இப்போது திறந்த வானத்தின் கீழ் மணம் முடிக்கலாம். புகைப்படக்காரர்களின் வேலையை அடியோடு மாற்றிய சட்டம் எது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். இருட்டறைக்குத் தயாராகி வருகிறவர் கடைசி ஒரு மணி நேரத்தில், மழை வரைபடத்தைப் பார்த்து, வெட்டவெளிக்கு மாற வேண்டியிருக்கிறது. மறுபடி உள்ளேயும் ஓட வேண்டியிருக்கிறது.

பெட்டிச் செய்தி: தேனிலவில் பிறந்த யோசனை

நாட்டுப்புற மாளிகைக்கும் புகைப்படத்துக்கும் உள்ள உறவு திருமண ஆல்பங்களைவிட மிகப் பழையது. வில்ட்ஷயரில் உள்ள லேகாக் ஆபி 13ஆம் நூற்றாண்டில் கன்னிமடமாகக் கட்டப்பட்டு, 1539இல் மூடப்பட்டு, பிறகு குடியிருப்பு மாளிகையானது. அதன் உரிமையாளர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1832 டிசம்பரில் மணந்தார். மறு ஆண்டு அக்டோபரில் மனைவியோடு இத்தாலியின் கோமோ ஏரிக்குப் போனபோது, ஏரிக் காட்சியை வரைய முயன்று, கை ஒத்துழைக்காமல், ஒளியே தன்னைத்தானே தாளில் பதிய வைக்க முடியாதா என்று யோசித்தார். 1835 ஆகஸ்டில் லேகாக்கின் சாளரம் ஒன்றை அவர் எடுத்த, தபால்தலை அளவே உள்ள நெகட்டிவ் இன்றும் இருக்கிறது. எஞ்சியிருக்கும் கேமரா நெகட்டிவ்களில் காலத்தால் முந்தியது அதுவே. மாளிகை 1944 முதல் பாரம்பரியச் சொத்துகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம்.

காற்றுக்குத் திறந்த கதவு, ஒளிக்கு உதவும் கதவு

ஆங்கிலக் களஞ்சியங்கள் பலவற்றில் எதிரெதிராக இரண்டு பெருவாசல்கள் இருக்கும். கதிரோடு வரும் வண்டி ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறும். நடுவில் உள்ள களத்தில் போரடித்து, இரு கதவையும் திறந்துவிட்டு, குறுக்கே வீசும் காற்றில் தூற்றுவார்கள். பதர் பறக்கும், மணி நிற்கும். இன்றைக்கு அதே அமைப்பு புகைப்படக்காரருக்கு ஒளியைக் கொண்டுவருகிறது. ஒரு கதவை மூடி மற்றதைத் திறந்தால் பக்கவாட்டில் மென்மையான ஒரே ஒளி. இரண்டையும் திறந்தால் முகத்தில் ஒரு பக்கமும் முடியின் விளிம்பில் மறுபக்கமும் வெளிச்சம். எந்தக் கதவைத் திறப்பது என்பதை விருந்து ஏற்பாட்டாளரிடம் காலையிலேயே பேசி வைப்பவர் பாதி வேலையை முடித்துவிட்டார்.

மற்ற பாதி கடினம். நூற்றாண்டுகளாகக் கறுத்த ஓக் மரம் ஒளியைத் திருப்பித் தராமல் குடித்துவிடும். வெள்ளைக் கூரையில் பிளாஷை அடித்துத் தெறிக்கவிடும் வழக்கமான உத்தி இங்கே செல்லாது. கூரை உயரம், அதுவும் கறுப்பு. தப்பித்தவறித் தெறித்து வரும் கொஞ்ச ஒளியும் பழுப்பாகத்தான் வரும், மணப்பெண்ணின் வெள்ளை உடை தேநீரில் நனைத்தது போலாகும். பகல் ஒளி நீலச் சாயல், தொங்கும் விளக்குகள் மஞ்சள் சாயல். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் எந்த ஒயிட் பேலன்ஸும் முழுமையாகச் சரிசெய்யாது. அனுபவசாலிகள் சடங்கு நேரத்தில் மட்டுமாவது கதவருகே உள்ள விளக்குகளை அணைக்கச் சொல்கிறார்கள்.

சத்தம் இன்னொரு சிக்கல். ஷட்டர் ஓசை கேட்கக்கூடாது என்று பதிவாளர் சொன்னால் மின்னணு ஷட்டருக்கு மாறலாம். ஆனால் சுவரோரம் வைத்திருக்கும் மலிவான எல்இடி அலங்கார விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடிப்பவை. மின்னணு ஷட்டரில் அந்தத் துடிப்பு படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகப் பதியும். பின்னால் திருத்துவது பெரும்பாடு. அமைதியா, பட்டையில்லாப் படமா என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டும். விருந்தினர் வருமுன் இரண்டு படம் எடுத்துப் பார்த்துவிடுவது ஒன்றே வழி.

வசந்தம் செய்யும் வண்ணக் குறும்பு

சூரியன் நிற்கும் உயரத்திலிருந்தே எல்லாம் வேறுபடுகிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் உச்சிப்பொழுதுச் சூரியன் ஏறத்தாழ நேர் தலைக்கு மேல். கண்குழிகளில் கரிய நிழல் விழும். அதே வாரத்தில் தென் இங்கிலாந்தில் அது தொடுவானத்திலிருந்து சுமார் 52 பாகை உயரத்தையே எட்டுகிறது. நண்பகலில்கூட ஒளி சரிந்து விழுகிறது. அதன்மேல் மேகம் வேறு. மேகமூட்டம் கண்டு மணமக்கள் முகம் வாடும். புகைப்படக்காரர் உள்ளூர மகிழ்வார். வானம் முழுவதும் பரவிய மெல்லிய மேகத்தைவிடப் பெரிய ஒளிப்பரப்பி எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஆனால் வசந்தத்தின் அழகே நிறத்தைக் கெடுக்கும். மே முதல் வாரத்தில் பீச் மரங்கள் விடும் தளிர் அவ்வளவு மெல்லியது. சூரிய ஒளி அதை ஊடுருவி எலுமிச்சைப் பச்சையாக இறங்கும். அதன்கீழ் நின்றால் கண்ணுக்கு இதமாக இருக்கும். கேமராவிலோ முகம் நோயாளி போலத் தெரியும். புல்வெளி தாடைக்கு அடியில் பச்சை பூசும். வேலிக்கு அப்பால் எண்ணெய்க்காக விளையும் ரேப்சீட் வயல் ஏப்ரல், மே மாதங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும். அதை ஒட்டி நிற்கும் வெள்ளை உடையின் ஒரு பக்கம் மஞ்சளாகும். மரத்தின் நிழலுக்குள் நிறுத்தாமல் நிழல் முடியும் விளிம்பில் நிறுத்தி, திறந்த வானத்தை முகம் பார்க்கச் செய்வதே இதற்கான பழைய மருந்து. குடையிலும் கவனம் வேண்டும். சிவப்புக் குடையின் கீழ் சிவப்பு முகம்தான். அதனால்தான் கையோடு கொண்டுவரும் குடைகள் வெள்ளையாகவோ கண்ணாடி போலவோ இருக்கின்றன.

பூக்களுக்கும் நாள் கணக்கு உண்டு. மார்ச்சில் டஃபடில். ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை காட்டு ப்ளூபெல். மே மாதம் மாளிகைச் சுவர்களில் ஊதாக் குலைகளாகத் தொங்கும் விஸ்டீரியா. ஆங்கிலேயப் பழமையின் அடையாளம் போல ஆல்பங்களில் இடம்பிடிக்கும் அந்தக் கொடி 1816இல் சீனாவிலிருந்து வந்தது. ஒரு வருடம் முன்பே தேதி குறித்துவிடும் மணமக்கள் விஸ்டீரியாப் படத்தை நம்பிக் காத்திருக்க, குளிர் நீண்டு மொட்டாகவே நிற்கும் ஆண்டுகளும் உண்டு.

ப்ளூபெல் வேறு கவலை. பார்க்க நீலக் கம்பளம். மிதித்தால் இலை நசுங்கும், நசுங்கிய செடி கிழங்குக்கு உணவு சேர்க்க முடியாமல் போய் மீளப் பல ஆண்டுகள் ஆகும். 1981ஆம் ஆண்டு வனவுயிர், நாட்டுப்புறச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் 1998இல் ப்ளூபெல் சேர்க்கப்பட்டது. காட்டிலிருந்து தோண்டி விற்பது குற்றம். அதன் நடுவே உட்கார்ந்து எடுத்த ஒரு படம் பரவினால் அடுத்த வாரமே அதே இடத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். பாதையில் நின்று, நீளமான லென்ஸில், தாழ்ந்த கோணத்தில் எடுத்தால் பூக்களுக்கு நடுவே நிற்பது போலவே தோன்றும். அதைச் செய்யத் தெரியாதவர்தான் செடிக்குள் இறங்குகிறார்.

பெட்டிச் செய்தி: பொழுது சாயும் நேரம்

மார்ச் கடைசி ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். அதன்பின் லண்டன் வட்டாரத்தில் ஏப்ரல் முதல் தேதி சூரியன் மறைவது ஏறத்தாழ மாலை 7.35; மே முதல் தேதி 8.25, மே கடைசியில் 9.05. சடங்கு ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ, விருந்து நான்கு மணிக்கு மேல், பேச்சுகள் அதையொட்டி என்பது வழக்கமான வரிசை. பொன்வெயில் விழும் நேரம் சாப்பாட்டின் நடுவே வந்துவிடுகிறது. முதன்மை உணவுக்கும் இனிப்புக்கும் இடையே மணமக்களைப் பதினைந்து நிமிடம் வெளியே கூட்டிப்போகச் சமையல்காரரின் ஒப்புதல் வேண்டும். அவரை முதலிலேயே நண்பராக்கிக்கொள்வது நல்லது.

கட்டடம் போடும் கட்டளைகள்

வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்கள் இங்கிலாந்தில் முதல் நிலை, இரண்டாம் நிலை நட்சத்திரம், இரண்டாம் நிலை என மூன்று வகையாகப் பட்டியலிடப்பட்டவை. முதல் நிலையில் உள்ளவை மொத்தத்தில் சுமார் 2.5 சதவீதமே. அனுமதியின்றி ஓர் ஆணி அடிப்பதுகூடச் சிக்கலாகலாம். பின்திரை கட்டுவது, விளக்குத் தாங்கியைத் தூணில் பிணைப்பது, நாடாவைச் சுவரில் ஒட்டுவது எல்லாவற்றுக்கும் அங்கே தடை.

மாளிகை அறைகளில் ஒளியே எதிரி. பழைய திரைச்சீலை, தறிச் சித்திரம் போன்றவற்றின் மீது 50 லக்ஸுக்கு மேல் ஒளி விழக்கூடாது என்பது பாதுகாப்பாளர்களின் வழக்கமான அளவு; எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ். சாயம் வெளுப்பது மீளாத சேதம் என்பதால் சாளரத் திரைகள் பாதி இறங்கியே இருக்கும். 50 லக்ஸ் என்பது எவ்வளவு? லென்ஸை எஃப் 2 அளவுக்குத் திறந்து, ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினால் ஷட்டர் 1/160 நொடி கிடைக்கும். நின்று பேசுபவரை எடுக்கலாம். சிரித்துத் திரும்பும் குழந்தை கலங்கிப் போகும். கூர்மை ஒரு கண்ணில் மட்டும் நிற்கும், மறு கண்ணில் நிற்காது.

மெழுகுவத்திக்குப் பல இடங்களில் தடை. பதிலுக்கு மின்கல விளக்குகள். காகித கான்ஃபெட்டிக்கும் தடை, உலர்ந்த மலரிதழ் என்றால் வெளியே மட்டும் தூவலாம். கூர்குதி செருப்பு பழைய மரத்தளத்தைக் குழி குழியாக்கும் என்பதால் குதிக்கு உறை போடச் சொல்லும் வீடுகள் உண்டு. ட்ரோன் பறக்கவிட நினைப்பவரை நேஷனல் டிரஸ்ட் நிலங்களில் 1965ஆம் ஆண்டு விதி தடுக்கிறது; இன்றைய கேமரா ட்ரோன்கள் இல்லாத காலத்தில் எழுதிய விதி இன்று ட்ரோனைக் கட்டுப்படுத்துகிறது. களஞ்சியக் கூரையில் வௌவால் குடியிருந்தால் அதன் உறைவிடமும் சட்டக் காவலில் வருகிறது. உத்தரங்களை நோக்கி மேலே விளக்கடிக்க வேண்டாம் என்று வீட்டார் சொன்னால் அது கெடுபிடியல்ல.

கையெழுத்துப் படத்துக்கும் ஒரு கதை உண்டு. 2021 மே 4 முதல் பெரிய பதிவேட்டில் கையெழுத்திடும் முறை போய், ஒற்றைத் தாளில் கையெழுத்திட்டுக் கணினியில் பதியும் முறை வந்தது. அன்றுமுதல்தான் மணமக்களின் தாயார் பெயர்களும் அதில் இடம்பெறுகின்றன. தனிப்பட்ட விவரங்கள் உள்ள தாளை நெருங்கிப் படமெடுக்கப் பல பதிவாளர்கள் விடுவதில்லை. மணமக்கள் பேனாவோடு குனிந்து சிரிக்கும் அந்தப் படத்தில், பெரும்பாலும் அவர்கள் முன்னால் இருப்பது வேறு வெற்றுத்தாள்.

தாலியும் பதிவாளரும்

லண்டனைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்கள் இத்தகைய இடங்களை நாடும்போது புதுக் கணக்குகள் சேர்கின்றன. உரிமம் பெற்ற மாளிகையில் பதிவாளர் நடத்தும் சடங்கில் மதச் சடங்கு கலக்கக்கூடாது. ஐயர் வந்து தாலி கட்டுவித்தால் அது மட்டும் சட்டப்படியான திருமணமாகாது. எனவே இரண்டையும் தனித்தனியே நடத்துகிறார்கள். பதிவு முன்பே வேறு நாளில் முடிந்துவிடுவதும் உண்டு. இங்கிலாந்தின் சட்ட ஆணையம் 2022 ஜூலையில் கொடுத்த அறிக்கை, இடத்துக்கு உரிமம் என்ற முறையை விட்டு, நடத்திவைப்பவருக்கு அங்கீகாரம் என்ற முறைக்கு மாறப் பரிந்துரைத்தது.

மரச்சட்டகக் கட்டடத்துக்குள் ஓமத் தீ என்றால் காப்பீட்டு நிறுவனமே ஒப்பாது. முற்றத்திலோ கூடாரத்திலோதான் வளர்க்க வேண்டியிருக்கும். முகூர்த்தம் காலையில் என்றால் வாடகைக்கு எடுத்த வீட்டின் கதவு அந்நேரம் திறக்குமா என்பதே முதல் கேள்வி. ஆங்கிலத் திருமணத்தை மட்டும் எடுத்துப் பழகிய புகைப்படக்காரர் முத்தத்துக்குத் தயாராக நிற்பார். இங்கே தருணம் தாலி கட்டும் சில நொடிகள், அதுவும் அட்சதை பறக்க, உறவினர் கூட்டம் எழுந்து மறைக்க. கெட்டிமேளம் முழங்கியதும் இடம் பிடித்திருக்க வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லி வைக்காவிட்டால் முடிச்சுக்குப் பதில் மாமாவின் முதுகுதான் படத்தில் இருக்கும். ஏப்ரலில் பகல் வெப்பம் 13, 14 டிகிரி என்பதால் பட்டுப்புடவையில் தோட்டப் படம் என்றால் கம்பளிச் சால்வையோடு ஒருவர் சட்டத்துக்கு வெளியே காத்திருக்க வேண்டும்.

படம் யாருக்குச் சொந்தம்?

காசு கொடுத்தவர் மணமக்கள் என்பதால் படமும் அவர்களுக்கே என்று எண்ணுவது இயல்பு. 1956ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் வைத்திருந்தது. 1989 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதைத் தலைகீழாக்கியது. ஒப்பந்தத்தில் வேறாக எழுதாவிட்டால் உரிமை எடுத்தவருக்கே. அதுவும் அவர் ஆயுள் முழுவதும், இறந்தபின் 70 ஆண்டுகளும். மணமக்களுக்கு அச்சிட்டுப் பகிர அனுமதி கிடைக்கிறது, அவ்வளவே. ஆனால் அதே சட்டத்தின் 85ஆவது பிரிவு அவர்களுக்கு ஒரு கேடயம் தருகிறது: சொந்தத் தேவைக்காகப் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தை அவர்கள் சம்மதமின்றி வெளியிடவோ காட்சிக்கு வைக்கவோ முடியாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக நிற்கிறது வீடு. அடுத்த ஆண்டு வாடிக்கையாளரை ஈர்க்க அதற்குப் படங்கள் வேண்டும். எடுத்தவர் உரிமையாளர், படத்தில் இருப்பவர் சம்மதிக்க வேண்டியவர், கேட்பவர் மாளிகை நிர்வாகம். 'பரிந்துரைக்கும் கலைஞர்கள்' பட்டியலில் இடம் வேண்டுமானால் படங்களை இலவசமாகத் தர வேண்டும் என்ற எழுதாத விதி சில இடங்களில் இருக்கிறது. பட்டியலில் இருப்பவருக்குக் கதவு எந்தத் திசை, ஒளி எந்த நேரம் என்பது அத்துப்படி. அது மணமக்களுக்கு நல்லது. ஆனால் நாலாவது சனிக்கிழமையும் அதே படிக்கட்டு, அதே சாளரம், அதே கோணம். நான்கு ஜோடிகளின் ஆல்பத்தையும் அருகருகே வைத்தால் முகம் மட்டுமே மாறியிருக்கும். பழைய வீட்டைத் தேர்ந்தவர்கள் தனித்துவம் வேண்டியே தேர்ந்தார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

கல்யாணத்தில் பிழைக்கும் கூரை

இந்த வீடுகள் ஏன் திருமணத்துக்குக் கதவைத் திறந்தன? விடை வரவுசெலவுக் கணக்கில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வாரிசுரிமை வரி பெரும் சொத்துகளுக்கு 80 சதவீதம் வரை ஏறியது. வேலையாட்கள் கிடைக்கவில்லை, கூரை ஒழுகியது. 1955 வாக்கில் சராசரியாக ஐந்து நாளுக்கொரு நாட்டுப்புற மாளிகை இடிபட்டது. 1973இல் உரிமையாளர்கள் சேர்ந்து ஹிஸ்டாரிக் ஹவுசஸ் சங்கத்தை அமைத்தார்கள். 1974இல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் இடிந்த வீடுகளைப் பற்றியே கண்காட்சி வைத்தது. எஞ்சியவை தேநீர்க் கடை, படப்பிடிப்பு, சுற்றுலா என்று வழி தேடின. 1995இல் திருமண உரிமம் அவற்றோடு சேர்ந்தது. சுற்றுலாப் பயணி நுழைவுச் சீட்டுக்குத் தருவதோடு ஒப்பிட்டால் ஒரு திருமணத்தின் வாடகை பெருந்தொகை.

அந்தப் பணம் வீட்டை மாற்றவும் செய்கிறது. வாகன நிறுத்தம் படத்தில் விழாத மூலைக்குப் போகிறது. மணப்பெண் தயாராகும் அறைக்கு வடக்குச் சாளரம் உள்ள அறையை ஒதுக்குகிறார்கள். 2022க்குப் பின் திறந்தவெளிச் சடங்குக்கென்று தோட்டத்தில் புதிய நடைபாதைகள் வருகின்றன. இரவு இசைக்கு எதிராகப் பக்கத்து ஊரார் முறையிட, களஞ்சியத்துக்குள் ஒலி வரம்பைத் தாண்டினால் மின்சாரத்தையே துண்டிக்கும் கருவி வருகிறது. நடனத்தின் உச்சத்தில் இசையும் விளக்கும் சேர்ந்து அணைந்துபோன படங்கள் சில ஆல்பங்களில் உண்டு.

எல்லாவற்றையும்விடப் புகைப்படக்காரரைச் சோதிப்பது மராமத்துதான். வாடகை வருவது கூரைக்காக. கூரையைப் பழுதுபார்க்கச் சாரம் கட்ட வேண்டும். வௌவால் குட்டி போட்டு வளர்க்கும் கோடை மாதங்களில் உத்தரங்களைத் தொடக்கூடாது. குளிர்காலத்தில் உறைபனி, சுண்ணாம்புச் சாந்து காயாது. எனவே வேலை இலையுதிர் காலத்திலும் வசந்த காலத்திலும் நெருக்கியடித்து நடக்கிறது, அதாவது ப்ளூபெல் பூக்கும் அதே வாரங்களில். அவசரப் பராமரிப்புக்காகச் சாரம் கட்டப்படலாம், அதற்காக வாடகை குறையாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். கையெழுத்திடுமுன் அதைப் படிப்பவர்கள் குறைவு. முகப்பு முழுக்க இரும்புக் குழாயும் நீலப் படுதாவும் நிற்க, அன்றைக்குப் படமெடுப்பவர் குடும்பக் குழுவைச் சமையற்கட்டுப் பக்கத்துச் சுவருக்கு அழைத்துப் போகிறார். அந்தச் சுவரிலும் நானூறு ஆண்டுப் பழைய செங்கல்தான் இருக்கிறது. குப்பைத் தொட்டிகளை மட்டும் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும்.